கணக்கிடும் விஞ்ஞானிகள்

இயற்கையின் உண்மைகளை அறிவதற்கு விஞ்ஞானிகள் நெடுங்காலமாக இரண்டு வழிகளையே கைக்கொண்டு வந்தனர். பொருள்களை நேரே சோதித்துப் பார்த்தல் ஒன்று. சிந்தித்து விதிகளை வகுத்தல் மற்றொன்று. ஆயின், சோதனைக்கு அடங்காத பொருள்கள் உலகில் பல உண்டு. வெடித்துச் சிதறும் விண்மீனை ஆய்வுக்கூடத்துள் கொண்டுவந்து நிறுத்த இயலுமா? நூறு ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் தட்பவெப்பத்தை இன்றே அளந்து பார்க்க இயலுமா? இவற்றை ஆளும் விதிகள் பலவும் அறியப்பட்டவையே. அவ்விதிகளைக் குறிக்கும் சமன்பாடுகளும் கையில் உள்ளன. அவற்றை விடுவிக்கச் செய்ய வேண்டிய கணக்கோ மனிதர் வாழ்நாளில் முடிவதன்று. அக்கணக்கைப் பொறியிடம் ஒப்புவித்து விடை காணும் முறை விஞ்ஞானக் கணிப்பு எனப்படும். அதனை ஆராய்ச்சியின் மூன்றாம் வழி என்பாரும் உளர்.

இவ்வழியில் செல்வதற்கு விரைந்து கணக்கிடும் பொறி ஒன்று இருந்தால் போதும் என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. வானிலைக் கணிப்பின் வரலாறே இதற்குச் சான்றாகும்.

இங்கிலாந்து நாட்டு அறிஞராகிய லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன், காற்றின் இயக்கத்தைக் குறிக்கும் சமன்பாடுகளைக் கையாலேயே விடுவித்து, ஓரிடத்தில் 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டார். அதனை 1922ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த விடை 145 மில்லிபார். உண்மையிலோ அன்று அழுத்தம் ஏறத்தாழ மாறவே இல்லை! ஆயினும் அவர் அத்தவற்றை மறைக்காமல் நூலிலேயே எழுதி வைத்தார். பிழை அவருடைய கூட்டல் கழித்தலில் இல்லை. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட அளவுகள் ஒன்றோடொன்று இசையாமையே அதற்குக் காரணம் என்று பின்வந்தோர் கண்டனர். 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜூல் சார்னி என்பவரும், ஜான் வான் நாய்மன் முதலியோரும் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறியைக் கொண்டு மீண்டும் முயன்றனர். வேகமாகப் பாயும் சிற்றலைகளை நீக்கி, வானிலைக்கு இன்றியமையாத பேரியக்கத்தை மட்டும் நிறுத்திக்கொள்ளுமாறு சமன்பாடுகளைச் சார்னி முன்னரே திருத்தி அமைத்திருந்தார். 24 மணி நேர வானிலையைக் கணிக்கப் பொறிக்கும் ஏறத்தாழ 24 மணி நேரம் பிடித்தது. எனினும் விடை நம்பத்தக்கதாய் இருந்தது. சார்னியின் அறிவு துணைநில்லாமல் எனியாக் மட்டும் இருந்திருப்பின், ரிச்சர்ட்சனின் பிழையான விடையே சற்று விரைவாகக் கிடைத்திருக்கும்.

ஆகவே, இயற்கையின் இயல்பையும் எண்களின் இயல்பையும் ஒருங்கே அறிந்தவர் இத்துறைக்கு வேண்டும். பௌதிகம் கற்றவர் பலர்; கணிதம் கற்றவர் பலர்; பொறியை இயக்க வல்லாரும் பலர். மூன்றையும் இணைத்துக் காண்பவர் தாமாகத் தோன்றுவது அரிது. அத்தகையோரை உருவாக்குவதற்காகவே சில ஆராய்ச்சிக் கூடங்கள் இளம் அறிஞர்களுக்கு உபகாரச் சம்பளம் அளித்து வருகின்றன. அவற்றுள் பல, இத்துறையின் முன்னோடிகளுடைய பெயர்களைத் தாங்கியுள்ளன. சிகாகோ நகரை அடுத்த ஆர்கான் தேசிய ஆராய்ச்சிக் கூடத்தில் உள்ளது வில்கின்சன் பெயரால் வழங்குவது. டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் உள்ளது ஹவுஸ்ஹோல்டர் பெயரால் வழங்குவது. இவர்கள் யார்? இவர்கள் செய்தது யாது?

ஜேம்ஸ் ஹார்டி வில்கின்சன் 1919இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தூய கணிதம் பயின்றவர். இரண்டாம் உலகப்போர் மூண்டதால் ஆயுத ஆராய்ச்சித் துறையில் பணியாற்ற நேர்ந்தது. அங்கு ஒரு நாள் அவர்முன் 12 சமன்பாடுகள் வந்து நின்றன. பன்னிரண்டிலும் சேர்ந்து 12 தெரியா எண்கள். பள்ளி மாணவர் இரண்டு சமன்பாடுகளை விடுவிக்கும் அதே முறையில், ஒவ்வோர் எண்ணாக நீக்கிக்கொண்டே சென்று, மேசைமேல் வைத்துக் கையால் சுழற்றும் கணக்குப் பொறியின் துணையுடன் அவர் விடை கண்டார். இடையிடையே இலக்கங்கள் குறைந்துகொண்டே வந்தமையால், விடை மிகவும் பிழைபட்டிருக்கும் என்றே அவர் எண்ணினார். கண்ட விடைகளை மூலச் சமன்பாடுகளில் இட்டுப் பார்த்தபோதோ, இரு பக்கங்களும் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. அதன் காரணம் அவருக்கு விளங்கவில்லை.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1ஐ 3ஆல் வகுத்தால் 0.333... என்று முடிவின்றிச் செல்லும். எந்தப் பொறியும் ஓரிடத்தில் அதனை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்திய இடத்தில் ஒரு சிறு பிழை பிறக்கிறது. அப்பிழையை உடைய எண்ணைக் கொண்டு அடுத்த கணக்கு. அதன் விடையைக் கொண்டு அதற்கடுத்த கணக்கு. இவ்வாறு ஆயிரக்கணக்கான படிகள் சென்றால் பிழை எவ்வளவு பெருகும்? ஹரால்டு ஹோட்டலிங் என்னும் அறிஞர், தெரியா எண் ஒன்று கூடுந்தோறும் பிழை நான்கு மடங்காகப் பெருகக்கூடும் என்று 1943இல் கணித்திருந்தார். அவர் கூற்றின்படி 18 எண்களை உடைய கணக்கில், தொடக்கத்துப் பிழை 1,700 கோடி மடங்குக்கு மேல் பெருகிவிடலாம். அங்ஙனமாயின், பெரிய கணிப்பொறிகளைக் கட்டுவது வீண் செலவாகும். பொறி எவ்வளவு விரைவாக ஓடினாலும் அது தருவது வெறும் குப்பையே. அந்நாளில் கணிப்பொறி கட்டியவர்களின் நெஞ்சில் இவ்வையம் உண்மையாகவே இருந்தது.

போர் முடிந்தபின், 1946இல், வில்கின்சன் டெடிங்டன் என்னும் ஊரில் உள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். அங்கே ஆலன் டூரிங் ஏஸ் என்னும் கணிப்பொறிக்குத் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தார். வில்கின்சனுக்குப் பாதி நேரம் டூரிங்கோடு வேலை. பாதி நேரம் மேசைப் பொறிகள் இயங்கிய பிரிவில் வேலை. அப்பிரிவுக்கு 18 சமன்பாடுகளைக் கொண்ட கணக்கு ஒன்று வந்து சேர்ந்தது. ஃபாக்ஸ், குட்வின், டூரிங், வில்கின்சன் ஆகிய நால்வரும் அமர்ந்து அதனை விடுவித்தனர். டூரிங்குக்கு அம்முயற்சியில் நம்பிக்கை இல்லை; தோல்வியே கிட்டும் என்று அவர் கருதினார். முடிவிலோ, விடை எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு செம்மையாக அமைந்தது. பன்னிரண்டில் கண்ட அதே புதுமை பதினெட்டிலும்! டூரிங் அதன் காரணத்தை ஆராய்ந்து 1948இல் ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் அவர் மான்செஸ்டருக்குச் சென்றுவிட்டார். பழைய கணித ஆராய்ச்சிக்கே திரும்பிவிட எண்ணியிருந்த வில்கின்சன், டெடிங்டனிலேயே தங்கி, அப்பொறியின் சிறிய வடிவத்தைக் கட்டிய குழுவினருள் ஒருவரானார். அது 1950 மே மாதத்தில் தன் முதல் நிரலை நிறைவேற்றியது.

நாளடைவில் வில்கின்சன் கண்ட உண்மை மிக எளியது, எளியதாயினும் நுட்பமானது. கிடைத்த விடை, சரியான விடையிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்றே மற்றவர் கேட்டனர். அவர் கேள்வியையே திருப்பிக் கேட்டார்: கிடைத்த இவ்விடை எந்தக் கணக்குக்குச் சரியான விடையாகும்? 1ஐ 3ஆல் வகுத்து 0.333 என்று நிறுத்தினால் அது பிழையான விடை. ஆனால், 0.999ஐ 3ஆல் வகுத்தால் கிடைக்கும் சரியான விடை அதுவே அன்றோ! 1க்கும் 0.999க்கும் உள்ள வேறுபாடு, தொடக்கத்தில் அளந்த அளவுகளிலேயே இருக்கக்கூடிய ஐயத்தைவிடச் சிறியதாயின், அவ்விடையைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. பாலத்தின் இரும்புச் சட்டத்தை அளந்தவர் மயிரிழை தவறியிருக்கலாம். அம்மயிரிழைக்குள் பொறியின் பிழையும் அடங்கிவிடுகிறது. எந்த முறைகளில் இவ்வாறு அடங்கும், எவற்றில் அடங்காது என்பதை அவர் 1963, 1965ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரு நூல்களில் விரித்துரைத்தார். கணிப்பொறியின் விடையை நம்பலாம் என்பதற்கு அன்றுதான் உறுதியான அடிப்படை கிட்டியது எனலாம். 1970இல் டூரிங்கின் பெயரால் வழங்கும் பரிசு அவருக்குக் கிடைத்தது பொருத்தமே.

ஆல்ஸ்டன் ஹவுஸ்ஹோல்டரின் வாழ்க்கை வேறு வகையானது. 1904இல் அமெரிக்காவில் பிறந்த அவர் முதலில் கற்றது தத்துவ நூல். பின்னரே கணிதத்துக்கு வந்து, 1937இல் டாக்டர் பட்டம் பெற்றார். உயிரியலுக்குக் கணிதத்தைப் பயன்படுத்தும் ஆராய்ச்சியில் சில ஆண்டுகள் கழித்தார். ஓக் ரிட்ஜுக்கு அவர் வந்தபோது வயது நாற்பதைக் கடந்திருந்தது. 1958இல் அவர் நான்கே பக்கங்களில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எண்களின் வரிசை ஒன்றை வெளியில் நீட்டிய அம்பாகக் கருதி, ஒரு கண்ணாடியில் தோன்றும் நிழல்போல் அதனை மறுபுறம் திருப்பினால், முதல் எண் ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தையும் ஒரே முறையில் சூனியமாக்கலாம் என்று அதில் காட்டினார். கண்ணாடி பொருளின் நீளத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. ஆதலால் அம்முறை பிழையையும் பெருக்குவதில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அம்முறை உலகெங்கும் பயன்பட்டு வருகிறது.

இன்னும் ஒருவரைக் குறிப்பிடுதல் வேண்டும். மார்கரெட் பட்லர் என்னும் அம்மையார் 1948இல் ஆர்கான் கூடத்தில் கணிதப் பணியாளராகச் சேர்ந்தார். அக்காலத்தில் பெண்கள் பலர் அணு ஆராய்ச்சிக்கான கணக்குகளை மேசைப் பொறிகளில் போட்டுத் தந்தனர். அவர்களுடைய பெயர்கள் கட்டுரைகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பட்லர், ஆர்கானின் தொடக்கக் கணிப்பொறிகளுக்கு நிரல்கள் எழுதியவர். பின்னர் 1972 முதல் 1991 வரை, பலரும் எழுதிய நிரல்களைத் திரட்டிச் சோதித்துப் பிறர்க்கு வழங்கும் நிலையத்தின் தலைவராக இருந்தார். ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் அஞ்சாமல் எடுத்தாள வேண்டுமாயின், இடையில் ஒருவர் அதனைப் பொறுமையுடன் சரிபார்த்தாக வேண்டும். புகழ் தராத வேலைதான். ஆனால் அவ்வேலை நடவாவிடின் மற்றெல்லாம் நின்றுவிடும். இன்று அவர் பெயராலும் ஆர்கானில் ஓர் உபகாரச் சம்பளம் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி கூடத்தில் லூயிஸ் ஆல்வரேஸ், கிரேஸ் ஹாப்பர் ஆகியோரின் பெயர்களால் வழங்கப்படுபவையும் இவ்வகையினவே.

இவ்வுபகாரச் சம்பளங்களைப் பெறுவோர் பெரும்பாலும் டாக்டர் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவர்கள். மூத்தவர் ஒருவரின் திட்டத்தில் கூலிக்கு உழைப்பது போலன்றி, தாமே தேர்ந்துகொண்ட பொருளைத் தாமே ஆராயும் உரிமை இவர்களுக்குப் பெரிதும் உண்டு. உலகில் மிகப் பெரிய கணிப்பொறிகள் அருகிலேயே உள்ளன. அவற்றை அறிந்த மூத்தோரும் அடுத்த அறைகளில் உள்ளனர். காலமோ குறுகியது: ஓராண்டு, இரண்டாண்டு, சில இடங்களில் சற்றுக் கூடுதல். அதற்குள் தம் திறமையைக் காட்டியவர் அங்கேயே நிலைத்த பணியைப் பெறுதலும் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கோ, வானிலை நிலையங்களுக்கோ, விமானம், மருந்து முதலியவற்றை ஆக்கும் நிறுவனங்களுக்கோ செல்லுதலும் உண்டு.

பட்டத்துக்குப் படிக்கும் நிலையிலேயே உதவுவதற்கென்று அமெரிக்க எரிசக்தித் துறை 1991இல் ஒரு திட்டம் தொடங்கியது. இதனைப் பெறும் மாணவர் நான்காண்டுகள் வரை உதவி பெறலாம். அந்நாட்டுக் குடிகளும் அங்கு நிலையாகக் குடியேறியோருமே இதற்கு உரியர். இதன் விதிகளுள் இரண்டு சிறப்பாகக் கருதத்தக்கவை. மாணவர் தம் விஞ்ஞானப் பாடத்தோடு நில்லாமல், கணிதத்திலும் கணிப்பொறி இயலிலும் உயர்நிலைப் பாடங்களைக் கற்றுத் தேர வேண்டும். உயிர்நூல் பயிலும் மாணவர் ஒருவர், சமன்பாடுகளைப் படிப்படியாக விடுவிக்கும் வகுப்பில் அமர்ந்து பிறரோடு ஈடு கொடுத்தாக வேண்டும். இது எளிதன்று. மற்றொன்று, 12 வாரங்கள் ஏதேனும் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் தங்கிப் பணியாற்ற வேண்டும்.

எரிசக்தித் துறைக்கு இவ்வளவு பெரிய கணிப்பொறிகள் ஏன் என்று கேட்போர்க்கு விடை, அணுகுண்டின் வரலாற்றில் உள்ளது. ஆர்கானும் ஓக் ரிட்ஜும் போர்க்காலத்து அணுத் திட்டத்தில் பிறந்தவை. 1992 செப்டம்பரில் அமெரிக்கா தன் இறுதி அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. வெடித்துப் பார்த்தல் நின்றபின், இருப்பில் உள்ள குண்டுகளின் நிலையைக் கணக்கிட்டே அறிய வேண்டியதாயிற்று. பெருங்கணிப்பொறிகளுக்குப் பணம் தாராளமாகக் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நோய்க்கு மருந்து தேடும் பொறியும் குண்டின் வலிமையைக் கணிக்கும் பொறியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இத்துறையில் புகும் இளைஞர் இதனை அறிந்தே புகுதல் நன்று.

இளமையில் கிட்டும் சில மாத வாய்ப்பு எத்துணைப் பயன் தரும் என்பதற்கு ஜாக் டங்காரா சிறந்த சான்று. 1950இல் சிகாகோவில் பிறந்த அவர், உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராக வேண்டும் என்றே கருதியிருந்தார். கல்லூரிப் படிப்பின் இறுதியாண்டில் ஒரு பருவம் ஆர்கானில் பணியாற்ற இடம் கிடைத்தது. வில்கின்சனும் அவர் நண்பர்களும் வெளியிட்டிருந்த முறைகளை நம்பத்தக்க நிரல்களாக மாற்றும் வேலை அங்கு நடந்துகொண்டிருந்தது. வில்கின்சனும் அவ்வப்போது இங்கிலாந்திலிருந்து அங்கு வந்து செல்வார். மாணவரின் எண்ணம் மாறிற்று. பள்ளி ஓர் ஆசிரியரை இழந்தது. கணிதம் ஓர் அறிஞரைப் பெற்றது. 1979இல் அவரும் மற்ற மூவரும் சமன்பாடுகளை விடுவிப்பதற்கான லின்பேக் என்னும் நிரல் தொகுதியை வெளியிட்டனர். 100 சமன்பாடுகளை விடுவிக்கப் பல்வேறு கணிப்பொறிகளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அதன் கையேட்டின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையும் சேர்த்தனர். அச்சோதனையே, 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை வெளிவரும் 500 கணிப்பொறிகளின் தரவரிசைக்கு அளவுகோலாயிற்று. 2021ஆம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசு டங்காராவுக்கு வழங்கப்பெற்றது.

அத்தரவரிசையில் 2022 மே மாதத்தில் முதலிடம் பெற்றது ஓக் ரிட்ஜில் அமைந்த ஃபிராண்டியர் என்னும் பொறி. நூறு கோடியை நூறு கோடியால் பெருக்கினால் வரும் தொகையைவிட மிகுதியான கணக்குகளை அது ஒரு நொடியில் செய்தது. நொடிக்கு ஒன்றாக மனிதர் ஒருவர் ஓயாமல் கணக்கிட்டால், அப்பொறியின் ஒரு நொடி வேலையை முடிக்க 3,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தாம். டெடிங்டனில் நால்வர் சேர்ந்து விடுவித்தது 18 சமன்பாடுகள். ஃபிராண்டியர் அச்சோதனையில் விடுவித்தது 2 கோடிக்கும் மேற்பட்ட சமன்பாடுகள்.

இவ்வேகத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. உண்மையான விஞ்ஞானக் கணக்குகள் பலவற்றை ஒத்த வேறொரு சோதனையையும் டங்காராவும் அவர் தோழர்களும் வகுத்தனர். அதில் ஃபிராண்டியரின் வேகம் முன்னதில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை! காரணம் யாது? நெல் குத்துவோர் எத்துணை விரைவாகக் குத்தினாலும், தொலைவில் உள்ள களஞ்சியத்திலிருந்து நெல் வந்து சேர வேண்டும் அன்றோ! கணக்கிடும் உறுப்புக்கு எண்களைக் கொண்டு சேர்ப்பதிலேயே பெரும்பொழுது கழிகிறது. வேலையைப் பங்கிடுவதிலும் ஓர் எல்லை உண்டு. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவரே செய்யத்தக்கதாயின், மற்றப் பங்கினை எத்தனை ஆயிரம் பேருக்குப் பிரித்துக் கொடுப்பினும், முழு வேலையும் பத்து மடங்குக்கு மேல் விரைவாகாது. ஜீன் அம்டால் என்பார் 1967இல் எடுத்துக்காட்டிய கணக்கு இது. அப்பத்தில் ஒரு பங்கையும் எவ்வாறு பிரிப்பது? எண்களை நெடுந்தொலைவு அலையவிடாமல் கணக்கை எவ்வாறு மாற்றி அமைப்பது? உபகாரச் சம்பளம் பெறும் இளைஞர் பலர் இரவு பகலாகச் சிந்திப்பது இவற்றையே.

இவர்கள் வாழ்க்கையில் ஒரு குறையும் உண்டு. பல்கலைக்கழகங்கள் கட்டுரைகளை எண்ணிப் பதவி தருமேயன்றி, நிரல்களை எண்ணித் தருவது அரிது. மூன்றாண்டு உழைத்து, ஆயிரம் பேருக்குப் பயன்படும் நிரலை எழுதியவர், அதே காலத்தில் நான்கு கட்டுரைகள் எழுதியவருக்குப் பின்தங்கி நிற்க நேரும். இம்முறை நேர்மையானதன்று. இத்தகையோர்க்கு ஆராய்ச்சி நிரல் பொறியாளர் என்னும் தனிப்பெயர் 2012 அளவில் பிரிட்டனில் வழங்கத் தொடங்கியது. 2019இல் அவர்களுக்கென்று அங்கு ஒரு சங்கமும் பதிவுபெற்றது.

கணிப்பொறிகளோ நெடுநாள் வாழ்வதில்லை. ஃபிராண்டியருக்கு முன் ஓக் ரிட்ஜில் புகழோடு விளங்கிய சம்மிட், 2018இல் உலகின் முதலிடத்தைப் பெற்று, 2024 நவம்பரில் நிறுத்தப்பட்டது. அதே மாதத்தில் எல் கேபிட்டன் என்னும் புதிய பொறி ஃபிராண்டியரையும் முந்தியது. சம்மிட்டின் உறுப்புகளை ஆக்கிய நிறுவனங்கள் வேறு; ஃபிராண்டியரின் உறுப்புகளை ஆக்கியவை வேறு. ஆகவே, விண்மீன் வெடிப்பையும் காற்றின் சுழற்சியையும் கணக்கிட முன்பு எழுதிய நிரல்கள் புதிய பொறியில் அப்படியே ஓடா. ஃபிராண்டியரின் அலமாரிகள் ஓக் ரிட்ஜில் வந்து இறங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, சிறு மாதிரிப் பொறிகளை வைத்துக்கொண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் அந்நிரல்களை வரிவரியாக மாற்றி எழுதத் தொடங்கினர். மாற்றிய ஒவ்வொரு பகுதியையும் ஓட்டி, பழைய விடையோடு புதிய விடை எத்தனை இலக்கம் வரை ஒத்துள்ளது என்று ஒப்பிட்டுப் பார்த்தனர்.